பியற்றிஸ் கழற்றி வைத்த படம்

வால்தம்ஸ்டோ பஸ் நிலையத்தில் பியற்றிஸைத் தெரியாத சாரதி இல்லை. குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. இரட்டைத்தட்டு பஸ்ஸை ஹோ ஸ்ட்ரீட்டின் நெரிசலுக்குள் அவர் வளைத்து எடுக்கும்போது மேல்தட்டில் இருப்பவரின் கோப்பி தளும்பாது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவர். ஐம்பதை நெருங்குகிறார். கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா சூப்பர்மார்க்கெட் ஒன்றில் பாண், கேக் போடும் பகுதியில் வேலை செய்கிறார். லண்டனில் சந்தித்து மணம் முடித்தவர்கள். ஒருவர் தேவாலயத்துக்கும் மற்றவர் கோயிலுக்குமாகப் போய்வந்து பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஜனவரியில் பியற்றிஸ் விடுமுறை எடுத்துக்கொண்டு தனியாகப் பாங்கொக் போவார். அங்கே கடலுக்கும் போகமாட்டார், புத்தர் கோயில்களுக்கும் போகமாட்டார். விடியற்காலையில் எழுந்து சந்தைக்குள் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை அங்கேதான். கழுத்தில் ஒரு சின்னக் கமரா தொங்கும்.

ஏன் பாங்கொக் என்று கேட்பவர்களுக்கு, மலிவு, சாப்பாடு நல்லம் என்று சொல்லி முடித்துவிடுவார். உண்மையான காரணம் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டைக் காலத்தில் அவரை லண்டனுக்கு அனுப்புவதாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் விட்டுவிட்டுக் காணாமல் போனான். ஒரு தொடர்மாடியின் பின்பக்க அறையில், வேறு சில தமிழ்க் குடும்பங்களோடு, ஒரு வருடத்துக்கு மேல் அவர் அடைபட்டுக் கிடந்தார். விசா முடிந்துவிட்டது. பிடிபட்டால் குடிவரவுத் தடுப்பு முகாம், அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள். அந்த அறையில் அவர்தான் வயது குறைந்தவர், தனியாள். ஆகவே சந்தைக்குப் போகும் வேலை அவருக்கு வந்தது. தாய்லாந்துப் பெண்களைப் போலத் தொப்பி போட்டுக்கொண்டு, தலை குனிந்தபடி போவார். மரக்கறியைத் தொட்டு விலை கேட்பார். அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது அது மட்டும்தான். காசைக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே திரும்புவார். ஒரு வருடம் முழுக்க அவர் பார்த்தது ஈரத்தரையும் மனிதரின் கால்களும்தான்.

பிறகு வேறு ஒரு வழி கிடைத்தது. லண்டன் வந்தார், வழக்கு முடிந்தது, வேலை கிடைத்தது, பஸ் லைசென்ஸ் எடுத்தார். பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த கிழமை, முதல் பயணம் ஊருக்குத்தானே என்று ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார். பாங்கொக்குக்கு என்றார் பியற்றிஸ்.

"ஒரு வருசத்துக்கு மேலை இருந்த ஊர், ஸ்ரீ. அது எப்பிடி இருக்குமெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிமிந்து பாத்திட்டு வாறன்."

அந்த முதல் பயணத்தில் அவரிடம் இருந்தது கைத்தொலைபேசி மட்டும். முன்பு மரக்கறி வாங்கிய குளோங் தோய் சந்தைக்குள் நேராக நடந்துபோனார். தலைக்கு மேலே சிவப்பும் நீலமுமாகத் தார்ப்பாய்கள் கட்டியிருந்ததை அன்றுதான் கண்டார். இறைச்சிக்கடைக்காரி மின்விசிறியின் இறக்கைகளில் பிளாஸ்டிக் நாடாக்களைக் கட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சூப்பைப் பையில் ஊற்றி, காற்றை அடைத்து, ரப்பர் வளையத்தை ஒரே சுழற்றில் கட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் செம்மஞ்சள் மேலங்கியோடு குந்தியிருந்து, பலகையில் கட்டம் கீறி, போத்தல் மூடிகளைக் காய்களாக வைத்து விளையாடினார்கள். தோற்றவன் எழுந்துபோய் வாடிக்கையாளரை ஏற்றினான். இவ்வளவும் அன்றைக்கும் தன் தலைக்கு மேலே நடந்துகொண்டுதானே இருந்திருக்கும் என்று பியற்றிஸ் நினைத்தார். எல்லாவற்றையும் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து காட்டியபோது ஸ்ரீஸ்கந்தராஜா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "இதிலை ஒருத்தரும் உன்னைப் பாக்கேல்லை. நீ அங்கை நிண்டதே அவைக்குத் தெரியாது போலை கிடக்கு," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு பிறகு எவரிடமிருந்தும் தனக்குக் கிடைக்கவில்லை என்று பியற்றிஸ் இப்போதும் சொல்வார். அடுத்த மாதம் பழைய கமரா ஒன்றை வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும், சத்தம் போடாத கமரா.

வேலையில்லாத நாட்களில் வால்தம்ஸ்டோ தெருச்சந்தையில் பழகினார். அவருடைய முறை எளிமையானது. முதலில் எதையாவது வாங்கிச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே ஓரிடத்தில் நிற்பார். புதிதாக வந்து நிற்பவளைச் சந்தை கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு மறந்துவிடும். மறந்தபின்தான் கமராவில் கை வைப்பார். பாதசாரி ஒருவர் அடுத்து எந்தப் பக்கம் காலை வைக்கப்போகிறார் என்பதைப் பல ஆண்டுகளாகப் பஸ் கண்ணாடிக்குள் இருந்து பார்த்த கண் அது. ஒருவர் திரும்பப்போகிறார், சிரிக்கப்போகிறார், பையைக் கீழே வைக்கப்போகிறார் என்பது அவருக்குச் சற்று முன்னரே தெரிந்துவிடும்.

அந்தச் சந்தையில்தான் டொக்டர் நரசிம்மனின் அறிமுகம் கிடைத்தது. திருச்சிக்காரர், சிறுநீரக மருத்துவர். அந்தப் பகுதியில் படம் எடுக்கிறவர்களைச் சேர்த்து ஒரு குழு நடத்திவந்தார். இருவரும் ஒருநாள் ஒரே பழக்கடைக்காரரை எடுக்க நின்று, ஒருவரை ஒருவர் மறைத்து, பிறகு சிரித்துப் பேசி நண்பர்களானார்கள். பியற்றிஸின் பாங்கொக் படங்களைப் பார்த்த நரசிம்மன், தான் இருபது வருடமாக எடுத்ததை எல்லாம் தூக்கிப் பெட்டிக்குள் போடலாம் போல இருக்கிறது என்றார். அது அவருடைய பேச்சுப் பாணி. ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு தனிக் கண்காட்சி வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, மண்டபம் பிடித்து, நன்கொடை கேட்டு, படங்களுக்குச் சட்டம் போடுகிறவரோடு பேரம் பேசி, எல்லாவற்றையும் தானே செய்தார்.

கண்காட்சியின் முகப்புப் படத்தைத் தெரிவுசெய்வதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. முந்தைய ஜனவரியில் எடுத்தது. சந்தையின் நடு ஒழுங்கையில் ஒருவன் பெரிய ஐஸ் பாளம் ஒன்றைக் கொக்கியால் கொளுவி, தோளுக்கு மேலால் கயிற்றைப் போட்டு இழுத்துவருகிறான். பாளத்திலிருந்து புகை போல ஆவி எழுகிறது. மேலே தார்ப்பாயின் கிழிசலால் விழும் வெளிச்சம் அவன் முகத்தில் நேராகப் படுகிறது. பக்கத்தில் மீன் விற்கும் கிழவி அவனுக்கு வழிவிட ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். வாய் மட்டும் விலை கூவுவதை நிறுத்தவில்லை. எல்லோரும் குனிந்து நடக்கும் இடத்தில் அவன் ஒருவன் மட்டும் நிமிர்ந்திருந்தான். அதனால்தான் பியற்றிஸ் அவனை எடுத்தார். பர்மாக்காரனாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். அந்தச் சந்தையில் பாரம் தூக்குகிறவர்களில் பலர் அப்படித்தான்.

அந்தப் படம் சுவரொட்டியாகி ஹோ ஸ்ட்ரீட் முழுக்க ஒட்டப்பட்டது. கோப்பிக் கடைகள், நூலகம், சலவைக் கடை, பியற்றிஸ் கறிவேப்பிலை வாங்கும் தமிழ்க் கடை எல்லாவற்றிலும். கீழே பெரிய எழுத்தில் பியற்றிஸின் பெயர், அதன்கீழ் சிறிய எழுத்தில் 'ஐஸ் இழுப்பவர், குளோங் தோய் சந்தை, பாங்கொக்' என்று. படக்கலைச் சஞ்சிகை ஒன்று அதை அட்டையில் போட அனுமதி கேட்டிருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா தன் வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மேலாளர் ஒரு கேக்கில் பியற்றிஸின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினார்.

திறப்பு நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. பஸ் நிலையத்துக்காரர்கள் சீருடையோடு வந்தார்கள். பியற்றிஸ் சேலை உடுத்து, ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, இது எப்படி எடுத்தது, அந்த மனிதர் பிறகு என்ன செய்தார் என்று உரத்த குரலில் கதை சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த நாட்கள் அதிகமில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியபின்னும் ஒரு பெண் முகப்புப் படத்தின் முன்னாலேயே நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் பராமரிப்பு வேலைக்காரரின் நீலச் சட்டை. பியற்றிஸ் அருகில் போனதும் திரும்பினாள்.

"அக்கா, உங்களோடை ஒரு விசயம் கதைக்கலாமோ?"

"சொல்லுங்கோ."

அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது என்ரை அண்ணை."

பெயர் சிவரூபினி என்றாள். கறிவேப்பிலைக் கடையின் கண்ணாடியில் சுவரொட்டியைக் கண்டதாகவும், கையிலிருந்த பையைக் கீழே விட்டதாகவும் சொன்னாள். அண்ணன் அனுசன் சண்டை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் ஊரில் இராணுவத்தார் தேடுகிறார்கள் என்று ஓடியவன். பாங்கொக்கில் ஐக்கிய நாடுகள் அலுவலகம் கொடுத்த அகதி அட்டை இருக்கிறது. ஆனால் தாய்லாந்துப் பொலிசுக்கு அது செல்லாது. இரண்டு முறை மயிரிழையில் தப்பியிருக்கிறான். ஐஸ்காரர் ஒருவர் அவனை யாரென்று கேட்காமல் வேலைக்கு வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு படம்கூட எவருக்கும் அனுப்பியதில்லை. கடைக்கு வரும் ஊர்க்காரர் ஒருவர் அதற்குள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, இந்தப் பொடியனை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னாராம். அந்தப் பேச்சு ஊர்வரை போனால் தேடுகிறவர்களின் காதுக்கும் போய்விடும்.

"முகம் மட்டுமெண்டால் பரவாயில்லை அக்கா. நிக்கிற இடத்தையும் எழுதிவிட்டிருக்கிறியள்."

அவள் அழவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தாள். பியற்றிஸ் ஆதாரம் ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் முகத்தையும் அவள் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், போதுமாயிருந்தது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரிலிருந்து கழற்றி, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி கீழே சாத்தினார்.

"நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் வீட்டை போங்கோ. அண்ணைக்கு இண்டைக்கே சொல்லுங்கோ, படம் இறங்கீட்டுதெண்டு," என்றார்.

சிவரூபினி போனபின் பியற்றிஸ் சாத்திய சட்டத்தின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். படம் போனதை நினைத்து இல்லை. கமராக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஒருவனை, தன்னைப் போலவே வந்து மாட்டிக்கொண்ட ஒருவனை, எங்கள் ஆள் என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பதை நினைத்துத்தான்.

நரசிம்மன் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவர் வழி தேடினார். பொது இடத்தில் எடுத்த படம், சட்டப்படி ஒரு சிக்கலும் இல்லை என்றார். வேண்டுமானால் இடத்தின் பெயரை எடுத்துவிடலாம், முகத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கி மறுபடி அச்சடிக்கலாம் என்றார். சஞ்சிகைக்கு என்ன சொல்வது என்றும் கேட்டார். எல்லாம் பியற்றிஸின் நன்மைக்காகத்தான் கேட்டார். அது பியற்றிஸுக்கும் தெரியும்.

"முகத்தை இருட்டாக்கினால் அது படமில்லை, டொக்டர். முகம் தெரிஞ்சால் அது அவனுக்கு ஆபத்து. ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டுமில்லை."

நரசிம்மன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது பியற்றிஸ் அதுவரை வெளியில் எவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"நானும் அங்கை அப்பிடி இருந்தனான். ஒரு வருசத்துக்கு மேலை, விசா இல்லாமல். இதே சந்தையிலைதான் மரக்கறி வாங்கினனான். அப்ப ஆரும் என்னைப் படமெடுத்து ஊர் முழுக்க ஒட்டியிருந்தால், நான் இண்டைக்கு இங்கை நிண்டு உங்களோடை கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்."

நரசிம்மன் சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடினார். "ஆமா, சரிதான். போஸ்டர் எங்கெங்க ஒட்டினோம்னு எனக்குத் தெரியும். வாங்க, இப்பவே கழட்டிடுறேன்," என்றார்.

இருவரும் கிளம்பினார்கள். பியற்றிஸ் சேலையோடு கடை கடையாக ஏறி இறங்கினார். நரசிம்மன் காரை நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டுச் சலவைக் கடைக் கண்ணாடியிலிருந்து ஒட்டுநாடாவை நகத்தால் சுரண்டினார். கோப்பிக் கடையில் ஒரு பெண், அந்தப் படம் அழகாயிருக்கிறது, தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வேறு படம் தருவதாகச் சொல்லி வாங்கினார்கள். நூலகம் பூட்டியிருந்ததால் மறுநாள் காலை அது திறக்குமுன் நரசிம்மன் வாசலில் போய் நின்றார். குழுவின் இணையப் பக்கத்திலிருந்தும் படம் நீங்கியது. கறிவேப்பிலைக் கடைக்காரர் மட்டும் ஏன் என்று துருவித் துருவிக் கேட்டார். எழுத்துப் பிழை வந்துவிட்டது என்று சொல்லிப் பியற்றிஸ் சமாளித்தார்.

சஞ்சிகைக்கு அந்தப் படத்தைத் தர முடியாது, வேறு எதை வேண்டுமானாலும் தருகிறேன் என்று பியற்றிஸ் அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. அவர்கள் வேறு ஒருவரின் படத்தை அட்டையில் போட்டார்கள். இதில் அதிகம் மனமுடைந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜாதான். அட்டையைச் சட்டம் போட்டு வைக்க வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்திருந்தார். சில நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அந்த ஆணியில் ஒரு நாட்காட்டியைக் கொளுவினார்.

கண்காட்சி தொடர்ந்து நடந்தது. முகப்பில் பூச்சந்தைப் பெண்களின் படம் வந்தது. பார்த்தவர்கள் அதையும் பாராட்டினார்கள். பியற்றிஸ் பஸ் ஓட்டினார், படம் எடுத்தார், சிரித்தார். சிவரூபினி மட்டும் அவ்வப்போது வேலை முடிந்து அவருடைய பஸ்ஸில் ஏறுவாள். இறங்கும்போது, "அண்ணை சுகமாயிருக்கிறார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

அடுத்த ஜனவரி வந்தது. புறப்படுமுன் சிவரூபினி ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே தட்டை வடை, மிளகாய்த்தூள், முழங்காலுக்குப் பூசும் மருந்து. அண்ணனுக்குச் சொல்லியாயிற்று, சந்திப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். பியற்றிஸ் தன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்த்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதி, தடித்த உறைக்குள்.

சந்தைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் நூடில்ஸ் விற்கும் தள்ளுவண்டி ஒன்று உண்டு. அங்கே, சிறிய பிளாஸ்டிக் முக்காலியில், அனுசன் முதுகைச் சுவருக்குக் கொடுத்து இருந்தான். படத்தில் இருந்ததைவிட வயது கூடியவனாகத் தெரிந்தான். பியற்றிஸ் அன்று கமராவை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். அதற்கு அவன் இடம் கொடுக்கவில்லை.

"உங்களை எனக்கு நல்லா ஞாபகமிருக்கு, அக்கா. ஆரோ இந்தியச் சுற்றுலாக்காரி எண்டு நினைச்சனான். கமராவைக் கண்டால் நான் எப்பவும் மற்றப் பக்கம் திரும்பிப்போடுவன். அண்டைக்கு ஏலாமல் போச்சு. திரும்பியிருந்தால் ஐஸ் கிழவியின்ரை காலிலை ஏறியிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பியற்றிஸுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உறையை எடுத்துக் கொடுத்தார். கிழித்துப்போடுவதென்றால் கிழித்துப்போடலாம், வேறு பிரதி எங்கும் வெளியில் இல்லை என்றார்.

அனுசன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். நூடில்ஸ்காரர் கிண்ணங்களை வைத்துவிட்டுப் போனார், அவை ஆறின. ஊரைவிட்டு வந்தபின் முகம் வழிக்கக் கண்ணாடி பார்த்ததைத் தவிர, தன்னைத் தான் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்றான். அம்மா கிளிநொச்சியில் இருக்கிறார் என்றான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், மகன் மெலிந்து, கூனி, எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறான் என்றே அம்மா நினைக்கிறாராம். இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லையாம்.

"இதை அம்மாவுக்கு அனுப்பேலுமோ, அக்கா?"

"பயமில்லையோ?"

"அம்மா ஆருக்கும் காட்டமாட்டா. அவ பாக்கட்டும், நான் நிமிந்துதான் நிக்கிறன் எண்டு."

பியற்றிஸ் லண்டன் திரும்பியதும், கிளிநொச்சிக்குப் போன நம்பிக்கையான ஒருவர் கையில் அது போய்ச் சேர்ந்தது. படத்தைப் பார்த்த தாய், மகனுடைய கதையை முழுவதும் கேட்டுவிட்டு, ஐஸைத் தூக்கும்போது சட்டைக்குள் சாக்கு ஒன்றை மடித்து வைக்கச் சொல்லு, தோளில் குளிர் ஏறிவிடும் என்று மட்டும் சொல்லியனுப்பினாராம்.

ஆனால் அந்த ஜனவரி அத்தோடு முடியவில்லை. நூடில்ஸ் சாப்பிட்டபின் அனுசன் பியற்றிஸை மறுநாளும் வரச் சொன்னான், கமராவோடு. தன்னை எடுக்கக்கூடாது, மற்றவர்களை எடுப்பதென்றால் எங்கே நிற்கவேண்டும் என்று தான் காட்டுவதாகச் சொன்னான். பல வருடங்களாக அந்த ஒழுங்கைகளில் ஓடித்திரிந்தவன். ஐஸ் அரைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு இருந்தது. அதில் நின்றால் சந்தையின் மூன்று ஒழுங்கைகளும் தெரியும். பியற்றிஸ் இத்தனை வருடமும் அதைக் கடந்து போயிருக்கிறார், ஏறிப் பார்த்ததில்லை. அந்த ஆண்டு எடுத்தவையும் அடுத்த ஆண்டு எடுத்தவையும் முந்தியவற்றைவிட ஒரு படி மேலே இருந்தன. நரசிம்மனே அதை ஒப்புக்கொண்டார்.

பியற்றிஸ் தன் முறையை மாற்றவில்லை. கேட்டு எடுத்தால் மனிதர்கள் நேராக நின்று பல்லைக் காட்டுகிறார்கள், அது அவர்களுடைய முகம் இல்லை என்பதில் அவர் இப்போதும் உறுதியாக இருக்கிறார். ஆனால் எடுத்த படத்தை உடனே வெளியில் காட்டுவதில்லை. ஒரு வருடம் வைத்திருப்பார். அடுத்த ஜனவரியில் பிரதிகளைக் கட்டாகக் கொண்டுபோய் உரியவர்களைத் தேடிக் கொடுப்பார். வேண்டாம் என்று எவராவது முகம் சுளித்தால் அது பெட்டிக்குள் போய்விடும். அப்படிப் போனவை சிலதான். மற்றவர்கள் கடையில் ஒட்டிக்கொள்கிறார்கள். மீன் விற்கும் கிழவி தான் காலைத் தூக்கி நிற்கும் பகுதியை மட்டும் வெட்டித் தரச்சொல்லி வாங்கி, தராசுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாள். லண்டனில் பஸ் ஓட்டுகிறவர் என்று அறிந்தபின் சந்தைக்காரர்கள் அவரைத் தாய்லாந்து மொழியில் 'பஸ் அக்கா' என்று கூப்பிடுகிறார்கள்.

கனடாவில் தேவாலயத்தார் சிலர் சேர்ந்து அனுசனைப் பொறுப்பேற்றார்கள். விண்ணப்பம், நேர்முகம், மருத்துவம் என்று இழுபட்டு, ஒருவழியாக அவன் வின்னிபெக்கில் போய் இறங்கினான். இறங்கியதும் தங்கைக்குப் பேசினான். அடுத்ததாகப் பியற்றிஸுக்கு. அப்போது அவர் பஸ் ஷிப்ட் முடிந்து நிலையத்தின் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இனி என்ரை படத்தைப் போடுங்கோ, அக்கா. ஒட்டக்கூடிய இடமெல்லாம் ஒட்டுங்கோ. பேரையும் போடுங்கோ, முழுப்பேராப் போடுங்கோ."

ஓய்வறையில் இருந்த சாரதிகள் பியற்றிஸ் அழுவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள். என்ன நடந்தது என்று பதறிக் கேட்டார்கள். ஒன்றுமில்லை, நல்ல செய்தி என்றார்.

இரண்டாவது கண்காட்சி சென்ற வருடக் கடைசியில், அதே மண்டபத்தில் நடந்தது. அனுசனின் படம் அவன் பெயரோடு தொங்கியது. சிவரூபினி வேலையிடத்துத் தோழிகளைக் கூட்டிவந்து, இவர்தான் என் அண்ணன் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

ஆனால் முகப்பில் அந்தப் படம் இல்லை. நரசிம்மனுக்கு அதைத்தான் போட ஆசை. பியற்றிஸ் சம்மதிக்கவில்லை. ஐஸ் படிக்கட்டில் நின்று எடுத்த வேறு ஒன்றைப் போட்டார். காலையில் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும் நேரம். முழுச் சந்தையும் அசையாமல் நிற்கிறது. கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடி, காசை எண்ணியவள் விரல் நடுவில். மீன்காரியின் தொட்டியிலிருந்து ஒரு பெரிய கெளிறு துள்ளி விழுந்து, ஈரத்தரையில் வளைந்து வளைந்து தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. கீதம் முடியும்வரை அவளால் அசைய முடியாது. தலை நேராக இருக்கிறது, கண்கள் மட்டும் மீனோடு போகின்றன. அந்தப் படத்தின் முன் வந்தவர்களில் சிரிக்காதவர்கள் இல்லை.

வின்னிபெக்கிலிருந்து திறப்பு விழாவைத் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த அனுசன், மீனுக்குப் பின்னால்தானா தனக்கு இடம் என்று கேட்டான்.

"உம்மடை படம் நல்ல படம், தம்பி," என்றார் பியற்றிஸ். "ஆனால் இது அதைவிட நல்லது."